கதவைச் சாத்தியும் அணையாத விளக்கு

சிங்கப்பூரில் வாகன உரிமைச் சான்றிதழைப் (சிஓஇ) புதுப்பித்து, பத்து வருடத்துக்கு மேல் ஓடும் கார்களில் அடிக்கடி பார்க்கும் கோளாறு இது. எல்லாக் கதவும் சாத்தியிருக்கும், டேஷ்போர்டில் கதவு விளக்கு மட்டும் அணையாது. "அண்ணே, அந்த வயரைக் கழற்றி விட்டுடுங்க, கண்ணை உறுத்துது" என்று பலர் கேட்பார்கள். நான் செய்வதில்லை.

கார் கதவின் பூட்டு இரண்டு கட்டமாகப் பிடிக்கும். முதல் கட்டத்தோடு நின்றுவிட்டால், பார்வைக்குச் சாத்திய கதவுதான். கையால் தள்ளினால் லேசாக ஆடும். பின்சீட்டில் பிள்ளையை வைத்துக்கொண்டு விரைவுச்சாலையில் 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு அதைச் சொல்லத்தான் அந்த விளக்கு இருக்கிறது. அதனால் விளக்கு எரிந்தால் முதலில் வண்டியை ஓரங்கட்டி, ஒவ்வொரு கதவையும் திறந்து அழுத்திச் சாத்துங்கள். பின்பக்க பூட் கதவையும் விடாதீர்கள். பல வண்டிகளில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விளக்குதான்.

அதற்குப் பிறகும் எரிந்தால் ஸ்விட்சைப் பார்க்க வேண்டும். தள்ளிப்போடாதீர்கள், பேட்டரி இறங்கிவிடும். கதவு திறந்திருப்பதாக வண்டி நினைக்கும்வரை உள்விளக்கும் எரியலாம். 8 வாட் பல்பு ஒரு நாளில் சுமார் 16 ஆம்பியர்-மணி தின்னும். 45 ஆம்பியர்-மணி பேட்டரி, அதுவும் பழசு என்றால், சனிக்கிழமை நிறுத்திய வண்டி திங்கள் காலை ஸ்டார்ட் ஆகாமல் போக நல்ல வாய்ப்பு உண்டு. கோளாறு தீரும்வரை உள்விளக்கின் பொத்தானை 'ஆஃப்' பக்கம் தள்ளி வையுங்கள்.

பழைய ஜப்பானியக் கார்கள் பலவற்றில், கதவைத் திறந்தால், அது வந்து ஒட்டும் தூணில் ரப்பர் தொப்பி போட்ட சின்ன பொத்தான் ஒன்று தெரியும். அதுதான் ஸ்விட்ச். கதவு திறந்தால் வெளியே வந்து, வயரை வண்டியின் உடலோடு இணைக்கும். சாத்தினால் உள்ளே போய்த் துண்டிக்கும். விரலால் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். முழுதாக உள்ளே போகாமல் சிக்கி நின்றாலோ, ரப்பர் கிழிந்து பச்சை பூத்திருந்தாலோ ஆளைப் பிடித்துவிட்டீர்கள். திறந்தவெளி நிறுத்துமிடத்தில் நிற்கும் வண்டிகளில், டிசம்பர் மழைக்குப் பிறகு இதை நிறையவே பார்க்கிறேன். ஸ்க்ரூவைக் கழற்றி ஸ்விட்சை வெளியே இழுத்ததும், வயரை டேப் போட்டுத் தூணில் ஒட்டிவிடுங்கள். உள்ளே நழுவினால் அதை மீன் பிடிப்பது போல் பிடிக்க வேண்டியிருக்கும். கனெக்டரைக் கழற்றியதும் விளக்கு அணைந்தால் அந்த ஸ்விட்ச்தான் கெட்டது. அணையாவிட்டால் வேறு கதவு, அல்லது எங்கோ தோல் உரிந்து உடலில் உரசும் வயர். கதவுக்கும் தூணுக்கும் நடுவே மடங்கும் ரப்பர் குழாய்க்குள் முதலில் தேடுங்கள், குறிப்பாக ஓட்டுநர் பக்கம்.

தூணில் பொத்தானே இல்லையென்றால் ஸ்விட்ச் பூட்டுக்குள் இருக்கிறது. கதவைத் திறந்து வைத்து, ஸ்க்ரூடிரைவரால் பூட்டின் நாக்கை இரண்டு 'டக்' கேட்கும்வரை சுழற்றுங்கள். விளக்கு அணைந்தால் ஸ்விட்ச் நல்லது; கதவு தொங்கியிருக்கலாம், அல்லது தூணில் பூட்டு பிடிக்கும் வளையம் நகர்ந்திருக்கலாம். ஆனால் கதவைச் சாத்துமுன் கைப்பிடியை இழுத்து நாக்கை விடுவித்தே ஆக வேண்டும். மறந்தால் அது வளையத்தில் மோதி இரண்டும் கெடும்.

நாக்கைச் சுழற்றியும் அணையவில்லையா? பழைய கிரீஸ் இறுகியிருக்கும், அல்லது ஸ்விட்ச் போயிருக்கும். கான்டாக்ட் கிளீனரைப் பூட்டுக்குள் அடித்து, நாக்கைப் பலமுறை அசைத்து, காய்ந்ததும் வெள்ளை லித்தியம் கிரீஸ் வையுங்கள். துருவெடுக்கும் ஸ்ப்ரேயை மட்டும் அடித்துவிட்டு விடுவதை நான் ஏற்கமாட்டேன். அது இருக்கிற கிரீஸையும் கழுவிவிடும், கொஞ்ச நாளில் விளக்கு திரும்ப எரியும்.

அதிலும் சரியாகவில்லை என்றால் பூட்டை மாற்ற வேண்டியதுதான். அதற்குக் கதவின் உள்பலகையைக் கழற்ற வேண்டும். அங்கே மஞ்சள் நிற கனெக்டர் கண்ணில் பட்டால் அது ஏர்பேக் வயராக இருக்கலாம்; கை வைக்காமல் சின் மிங்கிலோ காக்கி புக்கிட்டிலோ ஒரு நல்ல ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் கொண்டுபோய் விடுங்கள். எந்தக் கதவு என்று நீங்களே கண்டுபிடித்துச் சொன்னால் அவருக்குத் தேடும் நேரம் மிச்சம், உங்களுக்குக் கூலி மிச்சம்.