‘நல்’ என்பது சுழியம் அன்று

தரவுத்தளத்தில் வரும் ‘நல்’ (null) என்ற ஆங்கிலச் சொல்லுக்குச் ‘சுழியம்’ என்று பொருள் எழுதும் வழக்கம், ராமநாதபுரம் கடற்கரையில் வலைச்செயலி எழுத உதவும் ஜாங்கோ என்ற மென்பொருளைக் கற்கும் பிள்ளைகளின் கையேடு வரை வந்துவிட்டது. ‘நாட் நல்’ (not null) என்பதற்கு அதில் ‘சுழியம் அல்லாத’ என்று போட்டிருக்கிறார்கள். பாம்பனிலும் தொண்டியிலும் மீன்வரத்துக் கணக்குக்குச் செயலி எழுதும் இளைஞர்களும் அப்படியே சொல்கிறார்கள். இனியும் இதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. இந்தச் சொல் அவர்கள் எழுதும் கணக்கையே கெடுக்கிறது.

சொல்லின் பிறப்பு எளிது. இலத்தீனில் ‘நுல்லுஸ்’ என்றால் ‘எதுவும் இல்லாத’ என்று பொருள். ஜெர்மன் மொழியில் ‘நுல்’ என்பது சுழியத்தையே குறிக்கும். நம் பள்ளிக் கணக்குப் புத்தகத்திலும் உறுப்புகள் எல்லாம் பூச்சியமாக உள்ள ‘நல்’ அணி, பூச்சிய அணி ஆயிற்று; அங்கே அது சரி. அதே கணக்குப் பாடம் ‘நல்’ கணத்தை வெற்றுக் கணம் என்றது, அதுவும் சரி. இடத்துக்கு இடம் பொருள் வேறாகும் சொல் இது. தரவை அட்டவணைகளாக வைக்கும் உறவுமுறைத் தரவுத்தளத்துக்கு 1970-இல் கணினி அறிஞர் எட்கர் காட் அடித்தளம் இட்டார். அந்த வகைத் தரவுத்தளத்தில் இதன் பொருள் ஒன்றுதான்: இந்தக் கட்டத்தில் மதிப்பு எதுவும் பதியப்படவில்லை.

கடற்கரைக்காரருக்கு இந்த வேறுபாட்டை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ‘தொழிலுக்குப் போனோம், பாடு இல்லை’ என்பது ஒரு செய்தி. ‘தொழிலுக்கே போகவில்லை’ என்பது வேறு செய்தி. முதலாவது சுழியம்: வலை விட்டார்கள், டீசல் எரிந்தது, மீன் கிடைக்கவில்லை. இரண்டாவதில் எடை என்ற பேச்சே எழவில்லை. பாம்பனில் புயல் கூண்டு ஏறிய நாளும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலமும் விசைப்படகுக்கு இந்த இரண்டாம் வகை. படகு கரைக்கு வந்தும் யாரும் எடை குறிக்காமல் விட்ட நாளும் அப்படியே.

இப்போது சுழியம் என்ற மொழிபெயர்ப்பு செய்யும் கேட்டைப் பாருங்கள். ஒரு படகு வாரத்தில் 3 நாள் கடலுக்குப் போகிறது. 60 கிலோ, 0, 90 கிலோ. போன நாள்களின் சராசரி 50 கிலோ. போகாத 4 நாளிலும் சுழியத்தை எழுதிவிட்டால் 150-ஐ 7-ஆல் வகுக்க வேண்டும். சராசரி ஏறக்குறைய 21 கிலோவாக இறங்கிவிடும். பதிவில்லாத கட்டங்களைச் சராசரியில் சேர்க்காமல் விடும் அறிவு தரவுத்தளத்துக்கே உண்டு. சுழியத்தைத் திணித்து அந்த அறிவைப் பயன்படாமல் செய்கிறோம்.

பிழைச்செய்தியில் குழப்பம் இன்னும் முற்றுகிறது. எடைக்கான புலத்தில், அதாவது எடையைப் பதியும் கட்டத்தில், ‘பிளாங்க்’ (blank, படிவத்தில் நிரப்பாமல் விடுவது) மட்டும் அனுமதித்து, ‘நல்’லை அனுமதிக்காமல் விட்டால், காலியான படிவத்தை ஜாங்கோ ஏற்றுக்கொள்ளும், சேமிக்கும்போது தரவுத்தளம் மறுத்துவிடும். ‘நாட் நல்’ கட்டுப்பாடு மீறப்பட்டது என்று செய்தி வரும். கையேட்டை நம்பியவர் அதை ‘சுழியம் கூடாது’ என்று படிக்கிறார். அந்தப் புலமோ சுழியத்தைத் தாராளமாக ஏற்கும். பிறகு யாரோ சொல்லக் கேட்டு, எதுவும் எழுதாதபோது தானே நிரம்பும் இயல்பு மதிப்பாக 0 போடுகிறார். பிழை மறைகிறது, கணக்கு பொய்யாகிறது. இன்னொன்று: சுழியமும் சுழியமும் சமம். ‘நல்’லும் ‘நல்’லும் சமமா என்று கேட்டால் தரவுத்தளம் ஆம் என்று சொல்லாது. பதியப்படாத இரண்டு எடைகள் சமம் என்று எப்படிச் சொல்வது? அதனால்தான் ‘இஸ் நல்’ (is null) என்று தனியே கேட்க வேண்டியிருக்கிறது. சுழியம் என்று கற்றவருக்கு இது ஒருநாளும் விளங்காது.

சுழியம் என்ற சொல்மீது எனக்குக் குறையில்லை. ‘பாழ்’ என்று தொடங்கி எண்களை அடுக்கும் பரிபாடல் நம்முடையது. சுழியத்துக்கு அதைவிடப் பழைய மதிப்பு வேண்டாம். அது எண்ணாகவே இருக்கட்டும்.

‘இன்மை’ என்பார் சிலர். அழகான சொல்தான், ஆனால் மீன் இன்மை என்றால் மீன் இல்லை என்றாகும். மறுபடி சுழியத்துக்கே வந்து நிற்கிறோம். ‘வெற்று’ என்றால் ‘பிளாங்க்’குக்கு என்ன செய்வது? உரைப் புலத்தில் வெற்றுச் சரம், அதாவது ஓர் எழுத்தும் இல்லாத உரை, பதியப்பட்ட மதிப்பு; பதிவே இல்லாத நிலை வேறு. ‘தரவு இல்லை’ என்பதைக் குறிக்க இந்த இரண்டு வழிகளும் இருக்க வேண்டாம் என்றுதான் உரைப் புலங்களில் ‘நல்’லைத் தவிர்க்கும்படி ஜாங்கோவின் ஆவணம் அறிவுறுத்துகிறது. ஒலிபெயர்த்து ‘நல்’ என்றே விடலாமா? கூடவே கூடாது. தமிழில் நல் என்றால் நல்ல. ‘நல் மதிப்பு’ என்று எழுதினால் படிப்பவர் நன்மதிப்பு என்றே எடுத்துக்கொள்வார்.

நான் சொல்வது ‘பதிவின்மை’. பதிவு, இன்மை இரண்டும் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்தவை. இல்லாதது மீனா, பதிவா என்ற கேள்விக்கு அந்தச் சொல்லுக்குள்ளேயே விடை இருக்கிறது.

நம் மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைத் திறந்து முதல் பொருளை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டுகிறார்கள். அந்தச் சொல் வேலை செய்யும் இடத்தை எட்டிப் பார்ப்பதில்லை. ஜாங்கோவில் தரவின் அமைப்பை வரையறுக்கும் ‘மாடல்’ (model) என்பதை ‘மாதிரி’ ஆக்கினார்கள். சோதனைக்கு எடுக்கும் மாதிரியும் அதுவே. பிறகு ‘மாதிரித் தரவு’ எதைக் குறிக்கிறது என்று மாணவர் விழிக்கிறார். தூய தமிழ் வேண்டும் என்பதில் நான் யாருக்கும் பின்வாங்கியவன் அல்லன். ஆனால் தெளிவைக் கெடுக்கும் தமிழ்ச் சொல் தமிழுக்குச் செய்யும் தீங்கு, பிறமொழிச் சொல் செய்வதைவிடப் பெரிது.

கையேட்டை அடுத்த முறை அச்சிடுவோர் எடைப் புலத்துக்கான குறிப்பை இப்படி மாற்றலாம்: ‘எடை: படிவத்தில் நிரப்பாமல் விடலாம், தரவுத்தளத்தில் பதிவின்மையை ஏற்கும், கடலுக்குப் போயும் மீன் கிடைக்காவிட்டால் மட்டும் 0 எழுதுக.’