இரண்டு தறி, ஒரே அடி

பல்லடம், சோமனூர் பக்கம் தறிக்குடோன் சத்தத்தில் வளர்ந்தவர்களுக்கு இது பழக்கம். அடுத்தடுத்து ஓடும் இரண்டு விசைத்தறிகள் சிறிது நேரம் ஒன்றாக அடிக்கும். மெல்ல விலகி, ஒவ்வொரு அடியும் இரண்டாகக் கேட்கும். பிறகு மறுபடி சேரும். கோவையில் ஒரு பாரில் முதல்முறை டிஜேவாக நிற்கப்போகும் தம்பி, தங்கைகளுக்கு அந்தச் சத்தத்தைத்தான் நான் நினைவூட்டுவேன்.

டிஜே ஒரு பாட்டு முடியுமுன்பே அடுத்ததை அதன்மேல் சேர்த்து ஓடவிடுவார். ஒரு பாட்டு நிமிடத்துக்கு 120 தாள அடி, அடுத்தது 121 என்று வையுங்கள். ஒரே நொடியில் தொடங்கினாலும், அடிக்கு ஏறத்தாழ 4 மில்லிவிநாடி வீதம் விலகுகின்றன. எட்டே அடியில், அதாவது நான்கு விநாடியில், இடைவெளி 33 மில்லிவிநாடி. காது அதைத் தடுமாற்றமாகக் கேட்டுவிடும். அரை நிமிடத்தில் ஒன்றின் அடி மற்றதன் இடைவெளியில் விழும். ஆடுகிறவர்களின் கால் அங்கேதான் நின்றுவிடுகிறது. வேகத்தைத் தானாகவே பொருத்தும் பொத்தான் இன்று உண்டு. ஆனால் கலைஞர்கள் நேரடியாக வாசித்துப் பதிவான பழைய பாட்டுகள் பலவற்றில் வேகம் ஒரே சீராக இராது. அங்கே காதுதான் துணை.

அந்தக் காதும் ஏமாறும். ஒலி விநாடிக்குச் சுமார் 345 மீட்டர் போகிறது. பெரிய ஸ்பீக்கர் உங்களிடமிருந்து 10 மீட்டர் தள்ளி இருந்தால், அதன் அடி 29 மில்லிவிநாடி தாமதமாக வந்து சேரும். ஹெட்போனில் நீங்கள் கேட்கும் அடுத்த பாட்டை அதோடு பொருத்தினால், உங்களுக்குச் சரியாகக் கேட்பது கூட்டத்துக்குப் பிசகாகக் கேட்கும். ஆகவே உங்கள் பக்கத்திலேயே ஒரு மானிட்டர் ஸ்பீக்கர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு வாங்கிவிடுங்கள். கூச்சப்படவே வேண்டாம்.

அடிகள் சேர்ந்துவிட்டால் அடுத்த சிக்கல் பேஸ், அதாவது தாழ்ந்த, கனத்த ஒலி. இரண்டு பாட்டின் கனத்த அடிகளும் ஒரே கணத்தில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால், அந்த ஒலியின் ஆற்றல் நான்கு மடங்குவரை ஏறும். பாட்டுகளைக் கலக்கும் மிக்ஸரில் சிவப்பு விளக்கு எரியும். அலையின் உச்சி வெட்டுப்பட்டு ஒலி கரகரக்கும். புதுப் பாட்டைப் பேஸ் குறைத்தே உள்ளே விடுங்கள். பிறகு ஒரு கை பழையதன் பேஸைக் குறைக்க, மறு கை புதியதன் பேஸை ஏற்றட்டும்.

நம் கொங்கு நாட்டு வள்ளி கும்மி ஆட்டத்தில் யாரும் எடுத்த எடுப்பில் வேகம் பிடிப்பதில்லை. முதல் ஒரு மணி நேரம் நீங்களும் அப்படியே போங்கள்.

மாலையில் காலி அறையில் ஒலி பார்ப்பீர்கள். வெறும் சுவரிலும் தரையிலும் பட்டுத் தெறிக்கும் கீச்சொலி காதைக் குத்தும், குறைத்து வைப்பீர்கள். கூட்டம் சேர்ந்ததும் உடம்பும் உடையும் அந்த உயர்ந்த ஒலியை உறிஞ்சிவிடும். பேஸ் பெரிதாகக் குறையாது, பாட்டு மந்தமாகிவிடும். ஆள் நிறைந்தபின் நீண்ட பாட்டு ஒன்றை ஓடவிட்டு, அறையின் நடுவே போய் நின்று கேளுங்கள். திரும்பி வந்து ட்ரெபிளை, அதாவது அந்த உயர்ந்த ஒலியை, தேவையான அளவு கூட்டுங்கள்.