வார்ஹோல் அச்சு வாங்குகிறீர்களா? முதலில் பின்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள்

தெரிந்தவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். சுவரில் மாட்டிய ஃபிரேம் ஒன்று, கீழ் மூலையில் உள்ள கையெழுத்தை நெருங்கி எடுத்தது இன்னொன்று. கூடவே ஒரு வரி: “ஒரிஜினல் வார்ஹோல் மர்லின், 1967, கையெழுத்து இருக்கு. வாங்கலாமா?” காகிதக் கலைப்படைப்புகளைப் பரிசோதித்து நிலை அறிக்கை எழுதுவது என் தொழில். இதில் என்னைக் கவலைப்பட வைப்பது அந்தக் கையெழுத்துதான். 1967 மர்லின் அச்சுகளில் அமெரிக்க பாப் கலைஞரான வார்ஹோல் முன்பக்கம் கையெழுத்துப் போடவில்லை. பின்பக்கம், பென்சிலில் போட்டார். எத்தனையாவது பிரதி என்ற எண்ணும் அங்கேதான், ரப்பர் ஸ்டாம்பில் குத்தியிருக்கும்.

ஆண்டி வார்ஹோல் 1962-ல் கேன்வாஸில் ஸ்கிரீன் பிரிண்டிங்கைக் கையாளத் தொடங்கினார். கல்யாணப் பத்திரிகையும் துணிப்பையும் அச்சடிக்கிற அதே முறைதான்: சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலை, அதன் வழியே ரப்பர் பட்டையால் தள்ளும் மை, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தனி ஸ்கிரீன். 1967-ல் ஃபேக்டரி அடிஷன்ஸ் என்ற பெயரில் காகித அச்சுகளைத் தாமே வெளியிட ஆரம்பித்தார். முதல் தொகுப்பு ஹாலிவுட் நடிகை மர்லின் மன்றோ. பத்து அச்சுகள், ஒவ்வொன்றிலும் 250 பிரதிகள், அது போக ஏ முதல் இசட் வரை எழுத்திட்ட 26 ஆர்ட்டிஸ்ட் புரூஃப்கள், அதாவது எண்ணிட்ட பிரதிகளில் சேராமல் கலைஞருக்கென ஒதுக்கியவை. 2022 மே மாதம் நியூயார்க்கில் சுமார் 19.5 கோடி டாலருக்கு ஏலம் போன மர்லின் இதில் சேராது. அது 1964-ல் வரைந்த கேன்வாஸ் ஓவியம். அந்தச் செய்தியைப் படித்துவிட்டுப் பரணில் இருக்கும் மர்லினை இறக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் இதை விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது.

வார்ஹோலின் ஒவ்வொரு தொகுப்பும் எப்படிக் கையெழுத்திடப்பட்டது, எண் எங்கே, அச்சடித்தது யார், காகிதம் என்ன அளவு என்பதெல்லாம் பதிவாகியிருக்கிறது. ஃபெல்ட்மன்–ஷெல்மன் தொகுத்த அச்சுப் பட்டியல்தான் எங்கள் மேசையில் எப்போதும் திறந்து கிடக்கும். அதில் மர்லினின் பத்து அச்சுகளுக்கும் இரண்டாம் பகுதியில் 22 முதல் 31 வரையுள்ள பட்டியல் எண்கள். 1968-ல் வந்த முதல் கேம்ப்பெல் சூப் தொகுப்பிலும் 1970-ன் ‘பூக்கள்’ தொகுப்பிலும் 1972-ன் மாவோ தொகுப்பிலும் கையெழுத்து பால்பாயிண்ட் பேனாவில், பின்பக்கம். 1983-ல் அழியும் நிலை விலங்குகளை வைத்துச் செய்த தொகுப்புக்கு வந்தால் பென்சில் முன்பக்கம் வந்துவிடுகிறது; அதில் பிரதிகள் 150 மட்டும். ‘மூன்வாக்’ இன்னும் விசித்திரம். 1987-ல் அச்சாகி, கையெழுத்திடுவதற்கு முன்பே வார்ஹோல் இறந்துபோனார். அதன் வழக்கமான பிரதிகளில் பின்பக்கச் சான்று முத்திரையில் அவருடைய சொத்து நிர்வாகியின் கையெழுத்துதான் இருக்கும். ஆக, வார்ஹோல் கையெழுத்தோடு ஒரு மூன்வாக் வந்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள்.

அதிகம் பேர் ஏமாறுவது சண்டே பி. மார்னிங் என்ற வெளியீட்டாளரின் அச்சுகளில். 1970-ஐ ஒட்டி பெல்ஜியத்தில் தொடங்கியது இது. முதலில் வார்ஹோலின் சம்மதத்தோடு ஆரம்பித்து, பிறகு உறவு முறிந்து, அவரில்லாமலேயே அச்சு தொடர்ந்தது. மர்லினும் பூக்களும் அதே 91.4 சென்டிமீட்டர் சதுரத்தில், நல்ல தரமான மையில் வந்தன. பின்பக்கம் ‘உங்கள் கையெழுத்தை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்’ என்ற பொருளில் ஆங்கில முத்திரை. சிலர் அதை அப்படியே கடைப்பிடித்துவிட்டார்கள் என்பதுதான் பிரச்சினை! வார்ஹோலே இவற்றில் சிலவற்றின் மேல் ‘இது என்னுடையதல்ல’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட வேடிக்கையும் உண்டு. இந்த அச்சுகள் போலி என்று நான் சொல்லமாட்டேன். தமக்கென ஒரு சந்தை உள்ள, பிடித்திருந்தால் வாங்கி மாட்டலாம் என்கிற சரக்கு. அதை ஃபேக்டரி அடிஷன்ஸ் விலைக்கு விற்பதுதான் மோசடி. எழுபதுகளின் பிரதிகளில் முத்திரை கறுப்பு, பின்னால் வந்தவற்றில் நீலம். அந்த முத்திரையைச் சுரண்டி எடுத்திருந்தால், விளக்கைப் பக்கவாட்டில் மேசை மட்டத்துக்கு இறக்கிப் பிடித்தால் போதும். சுரண்டிய இடத்தில் காகித இழை எழும்பி, அந்தத் துண்டு மட்டும் சொரசொரப்பாகத் தெரியும்.

அதே சாய்ந்த வெளிச்சத்தில் முன்பக்கத்தையும் பாருங்கள். மர்லினின் கண்ணிமை நிறம் முகத்தின் நிறத்தின் மேல் ஏறுகிற இடத்தில் ஒரு மெல்லிய விளிம்பு நிற்கும். மை படலமாக உட்கார்ந்திருக்கும், காகிதத்துக்குள் ஊறியிருக்காது. பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் கறுப்பு ஸ்கிரீனில் புள்ளிகள் தெரியும். பயப்பட வேண்டாம், அது புகைப்படத்திலிருந்து எடுத்த ஸ்கிரீன், புள்ளி இருக்கத்தான் செய்யும். ஆனால் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என நாலு நிறப் புள்ளிகள் சின்னப் பூப்போலக் கூடி நின்றால் அது ஆஃப்செட், அதாவது பத்திரிகைகளையும் போஸ்டர்களையும் அடிக்கிற இயந்திர அச்சு. அதற்காக ஆஃப்செட் எல்லாமே கழிவும் அல்ல. லியோ காஸ்டெல்லி கேலரி 1964-ல் வெளியிட்ட ‘பூக்கள்’ ஆஃப்செட் லித்தோகிராஃப்தான், சுமார் 300 பிரதிகள், முன்பக்கம் பேனாவில் கையெழுத்து, பட்டியலில் அதற்கும் இடம் உண்டு. திரும்பத் திரும்பப் பட்டியலுக்கே போகச் சொல்வது இதனால்தான்.

புற ஊதா விளக்கில் காகிதம் பளிச்சென்று ஒளிர்ந்தால் உடனே ‘புதுசு’ என்று தீர்ப்புச் சொல்கிறவர்கள் உண்டு. வெண்மையேற்றும் ரசாயனம் ஐம்பதுகளிலேயே காகிதத்தில் வந்துவிட்டது. அது ஒரு துப்பு, அவ்வளவுதான்.

சரி, சான்றிதழ்? வார்ஹோல் அறக்கட்டளை சார்பில் 1995-ல் அமைந்த சரிபார்ப்புக் குழு, ஏற்காத படைப்புகளின் பின்புறம் ‘டினைட்’ (மறுக்கப்பட்டது) என்று முத்திரை குத்தித் திருப்பி அனுப்பும். வழக்குகளும் செலவும் கூடியபின் 2011-ல் குழுவைக் கலைக்கப்போவதாக அறிவித்தார்கள். இன்று அப்படித் தீர்ப்புச் சொல்லும் அதிகாரபூர்வமான குழு கிடையாது. “அறக்கட்டளையே போன மாதம் சான்று கொடுத்தது” என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். தங்க எழுத்தும் ஹோலோகிராமும் ஒட்டிய தனியார் சான்றிதழைவிட, எழுபதுகளில் ஒரு கேலரி கொடுத்த கசங்கிய பில் எனக்கு மேல்.

எண்ணையும் சும்மா விடாதீர்கள். 2016 ஏப்ரலில் மிசௌரி மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்ட் அருங்காட்சியகத்திலிருந்து முதல் சூப் தொகுப்பின் பத்தில் ஏழு அச்சுகள் களவுபோயின. களவுபோன பிரதியின் எண் 31. பின்பக்கம் 31 என்றிருக்கும் சூப் அச்சு மலிவாக வந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. பெரிய தொகை கொடுப்பதற்கு முன் களவுபோன கலைப்பொருள் பதிவேட்டில் ஒரு தேடல் போடுங்கள்.

அசலே ஆனாலும் நிலை கெட்டிருந்தால் விலை இறங்கும். மர்லினில் ஓரம் வரை மை ஓடியிருக்கிறது, வெள்ளை விளிம்பே கிடையாது. அதனால் முதலில் அடிபடுவது மூலைகள்தான். மை உடைந்து காகிதம் வெள்ளையாகத் தெரியும். ஃபிரேமின் உதடு மறைத்திருந்த ஒரு சென்டிமீட்டரையும் நடுப்பகுதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஓரத்தில் ரோஜா நிறம் அழுத்தமாகவும் நடுவில் சோகை பிடித்தும் இருந்தால், அந்தப் படம் பல வருடம் ஜன்னல் எதிரே தொங்கியிருக்கிறது. வெளிறிய மையை யாராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. புதிதாக ஃபிரேம் போடுகிறவர்கள் அமிலமற்ற அட்டை, புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி, படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே இடைவெளி, இந்த மூன்றையும் கேட்டு வாங்குங்கள்.

எல்லாவற்றிலும் மோசமானது, அச்சைச் சூடேற்றி அட்டையில் ஒட்டிவிடுவது. சுருக்கம் போகட்டும் என்று நல்ல எண்ணத்தில் கடைக்காரர்கள் செய்திருப்பார்கள். ஒட்டியபின் பென்சில் கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்ப் எண் எல்லாமே அட்டைக்கும் பசைக்கும் நடுவே போய்விடும். பிரித்தெடுக்க, காகிதக் கலைப்படைப்புகளைச் சீர்செய்யும் ஒரு நிபுணர் வாரக்கணக்கில் உட்கார வேண்டும், முழுசாக வரும் என்ற உத்தரவாதமும் இல்லை. விற்பவர் “ஃபிரேமைப் பிரித்தால் படம் கெட்டுவிடும்” என்று தயங்கினால் பெரும்பாலும் விஷயம் இதுவாக இருக்கும், அல்லது நீல முத்திரையாக இருக்கும். பிரிக்கும் கூலியை நானே தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். அது சொற்பத் தொகைதான்.