‘ஹெட்’ வந்தால் வால் வெட்டச் சொன்னது யார்?

நேற்றிரவு பன்னிரண்டு டச்சு மொழித் தாள்கள் திருத்தினேன். ஒன்பதில் ‘ஹெட் மோய் புக்’ என்றிருந்தது. ‘அந்த அழகான புத்தகம்’ என்று எழுத நினைத்திருக்கிறார்கள். சிவப்பு மை தீர்ந்ததுதான் மிச்சம்.

நெதர்லாந்தின் ஐந்தோவனில் தமிழர்களுக்கு டச்சு கற்பிக்கிறேன். டச்சில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஆங்கிலத்தின் ‘the’ போல ‘டெ’, ‘ஹெட்’ இரண்டில் ஒன்று வரும்; எது வரும் என்பதுதான் அந்தச் சொல்லின் வகை. வருகிற எல்லோரிடமும் ஒரே சூத்திரம் இருக்கிறது: ‘டெ’ வகைச் சொல்லென்றால் பெயரடையில் ‘எ’ சேரும், ‘ஹெட்’ வகையென்றால் சேராது. இது பாதி உண்மை. அதனால்தான் மண்டையை விட்டுப் போக மறுக்கிறது.

பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்கும் பெயரடைக்கு ‘எ’ சேர்வதே வழக்கம். ‘ஹெட்’ வகை, ஒருமை, முன்னால் ‘அன்’ (ஒரு) போன்ற குறிப்பாகச் சுட்டாத சொல் ஆகிய மூன்றும் கூடினால் அந்த ‘எ’ வால் போகும்: ‘அன் மோய் புக்’. அந்த ‘அன்’ போய் ‘ஹெட்’ வந்ததுமே ‘ஹெட் மோயெ புக்’. பன்மையானால் ‘டெ மோயெ புக்கன்’. மேசையாகிய ‘டாஃபல்’ ‘டெ’ வகை என்பதால் ‘அன்’ வந்தாலும் ‘அன் மோயெ டாஃபல்’தான். புத்தகம் மாறவில்லை, ஐயா. அதன் முன்னால் நிற்கும் சொல்தான் மாறியது. அழகான புத்தகம், அழகான புத்தகங்கள் என்று பெயரடையை அசைக்காமலே பேசி வளர்ந்த நமக்கு இது உறைக்க நாளாகும் என்பது எனக்கும் தெரியும்.

உடனே ஒருவர் கை தூக்குவார்: “பொதுப் போக்குவரத்தை ‘எ’ சேர்க்காமல் ‘ஹெட் ஓபன்பார் வெர்வூர்’ என்றுதானே எழுதுகிறார்கள்?” அது பெயராகவே உறைந்துபோன தொடர். அதை வைத்து வழக்காடாதீர்கள்.

கேள்விக்கு வருவோம். ‘நீ எங்கே வசிக்கிறாய்?’ என்பதை வரிசை மாறாமல் பெயர்த்து ‘யெ வார் வோன்ட்?’ என்கிறார்கள். வினாச்சொல் முதலில், வினைச்சொல் அடுத்து, ஆள் அதற்குப் பின்: ‘வார் வோன் யெ?’ ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வியில் வினைச்சொல்லே முதலில்: ‘வோன் யெ ஹீர்?’ (இங்கே வசிக்கிறாயா?) ஆங்கிலப் பழக்கத்தில் முன்னால் ‘டூ’ போடாதீர்கள். டச்சிலும் ‘டூ’ என்று ஒலிக்கும் வினைச்சொல் இருந்து தொலைக்கிறது. கேள்வி கேட்க அது உதவாது.

‘யெ’ பின்னால் போனால் ‘வோன்ட்’டின் ‘ட்’ உதிரும். மரியாதைக்குரிய ‘யூ’ வந்தால் உதிராது: ‘வார் வோன்ட் யூ?’

தயவுசெய்து ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் இனிஷியலோடு பெயர் எழுதுவதுபோல ‘டெ’, ‘ஹெட்’ சேர்த்தே எழுதிவையுங்கள். அப்படி எழுதாத நோட்டை அடுத்த வாரம் திருத்தமாட்டேன், திருப்பித்தான் தருவேன்.