இரட்சிப்பு: வேரும் பொருளும் தமிழ்ச் சொல்லும்

“தற்கொலை செய்துகொண்டவருக்கு இரட்சிப்பு உண்டா?” என்று கிறிஸ்தவர்களிடையே கேள்வி எழும்போது, வாதம் முழுவதும் ‘தற்கொலை’யைச் சுற்றியே நடக்கும். ‘இரட்சிப்பு’ எல்லாருக்கும் விளங்கிய சொல் என்று விட்டுவிடுவார்கள். விடை மாறுவதோ அந்தச் சொல்லுக்கு அவரவர் கொள்ளும் பொருளால்தான்.

‘ரக்ஷ்’ என்ற வடமொழி வேருக்குக் காத்தல் என்பது பொருள். ரகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது என்பதால் இகரம் முன்னே சேர்ந்தது. பக்ஷி பட்சியானதுபோல ‘க்ஷ’ ‘ட்ச’ ஆனது. இரட்சகர், இரட்சணியம் எல்லாம் இந்தக் குடும்பமே. சீர்திருத்தச் சபையினரின் (புராட்டஸ்டண்டுகளின்) பழைய தமிழ் வேதாகமம் இச்சொல்லை நிலைநாட்டியது. கத்தோலிக்கர் பயன்படுத்தும் 1995ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பில் இதன் இடத்தில் ‘மீட்பு’ இருக்கிறது.

இரண்டுக்கும் பின்னால் நிற்கும் கிரேக்கச் சொல் சோத்தேரியா. இதன் வினை நோய் தீர்வதற்கும், கடலில் மூழ்காமல் தப்புவதற்கும், பாவத்திலிருந்து விடுபடுவதற்கும் பொதுவானது. பெரும்பாடு என்ற தீராத உதிரப்போக்குள்ள பெண்ணிடம் இயேசு, “உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது” என்கிறார். அங்கே நடந்தது உடல் குணமாவது. எபிரேயத்தில் யெசுவா என்ற சொல். இயேசு என்ற பெயரே அதே வேரிலிருந்து வந்தது. நெருக்கத்திலிருந்து கூப்பிட்டவனை விசாலத்திலே வைத்ததாக 118ஆம் சங்கீதம் பாடுவது இச்சொல்லின் உணர்வை அகராதியைவிட நன்றாகக் காட்டும்.

புதிய ஏற்பாட்டில் இச்சொல்லும் தற்கொலையும் நேருக்கு நேர் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. பிலிப்பி நகரில் நிலநடுக்கத்தால் சிறைக்கதவுகள் திறந்துகொள்கின்றன. கைதிகள் ஓடிப்போனார்கள் என்று எண்ணிய காவலன் உயிரை மாய்த்துக்கொள்ளத் துணிகிறான். “நீ உனக்குக் கெடுதி ஒன்றும் செய்துகொள்ளாதே, நாங்கள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறோம்” என்று கைதிகளில் ஒருவரான திருத்தூதர் பவுல் இருட்டுக்குள்ளிருந்து கத்துகிறார். அடுத்து அந்தக் காவலன் கேட்பது: இரட்சிக்கப்படுவதற்கு நான் என்ன செய்யவேண்டும்? உயிர் தப்பியதும் ஆன்ம ஈடேற்றமும் அவன் வாயில் ஒரே சொல்லாக வருகின்றன. இந்தப் பகுதியை ஞானஸ்நானத்துக்கு மட்டுமே மேற்கோள் காட்டுவது எனக்குக் குறையாகவே படுகிறது.

இனி, காலம். பவுலின் கடிதங்களில் இந்த வினை மூன்று காலத்திலும் வருகிறது. எபேசியருக்கு ‘இரட்சிக்கப்பட்டீர்கள்’ என்கிறார். கொரிந்தியருக்கு ‘இரட்சிக்கப்படுகிற நமக்கோ’ என்கிறார். ரோமருக்கு எழுதும்போது அது இனி நடக்கப்போவது. சபைகள் பிரிவது இங்கேதான். அது முடிந்துபோன செயல் என்பவர்கள், மரணமோ ஜீவனோ தேவ அன்பைவிட்டுப் பிரிக்காது என்ற ரோமர் 8ஐப் பிடித்துக்கொண்டு, ஒருவரின் கடைசிச் செயல் அதை அழிக்காது என்பார்கள். அது இறுதிவரை தொடரும் பயணம் என்பவர்களுக்குக் கடைசி நொடி கனமாகிவிடுகிறது: மனந்திரும்ப நேரம் இல்லையே!

ஐந்தாம் நூற்றாண்டில் இறையியலாளர் அகுஸ்தீனார், ‘கொலை செய்யாதிருப்பாயாக’ என்ற கட்டளை தன்னுயிரையும் சேர்த்ததே என்று வாதிட்டார். பதின்மூன்றாம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ், தற்கொலை தனக்கும் சமூகத்துக்கும் கடவுளுக்கும் எதிரானது என்று சொல்லி, மனந்திரும்ப வாய்ப்பில்லாததையும் சேர்த்துக்கொண்டார். ஆனால் அந்த வாதத்தை இழுத்துப் பார்த்தால், தூக்கத்தில் மாரடைப்பால் இறப்பவருக்கும் அறிக்கையிடாத பாவம் மிச்சமிருக்கும். அவருடைய இரட்சிப்பை யாரும் சந்தேகிப்பதில்லை. சீர்திருத்த இயக்கத்தைத் தொடங்கிய லூதர், தற்கொலை செய்துகொண்டவர்கள் காட்டில் கள்வனிடம் சிக்கி மாண்டவனைப் போன்றவர்கள் என்றும், நரகம் நிச்சயம் என்று தான் கருதவில்லை என்றும் சொன்னார். செயல் சரி என்று அவரும் சொல்லவில்லை.

கத்தோலிக்கத் திருச்சபையின் 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, அறிந்தே உயிரை மாய்த்துக்கொண்டவருக்குத் திருச்சபை அடக்கச் சடங்கை மறுத்தது. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பில் அந்தத் தடை இல்லை. 1992இல் வெளிவந்த மறைக்கல்வி நூல், கடும் மனநலக் கோளாறும் வேதனையும் அச்சமும் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கும் என்கிறது. அவர்களின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக் கூடாது, கடவுள் தமக்கு மட்டுமே தெரிந்த வழியில் மனந்திரும்ப வாய்ப்புத் தரக்கூடும் என்றும் சொல்கிறது. ஒரு நொடிதானே என்று நாம் அளப்பதை இது ஏற்கவில்லை.

‘மன்னிக்கப்படாத பாவம்’ என்ற தொடரையும் பலர் இங்கே இழுத்து வருகிறார்கள். மத்தேயு 12இல் அது தூய ஆவிக்கு எதிரான தூஷணம். தற்கொலையைப் பற்றிய பேச்சே அங்கு இல்லை.

சரியான தமிழ்ச் சொல் எது? ‘மீட்பு’ நல்ல தமிழ். கைவிட்டுப் போனதைத் திரும்பப் பெறுவது அதன் அடிப்பொருள். கிரேக்கத்தில் பணயம் கொடுத்து விடுவிப்பதைக் குறிக்கும் வேறொரு சொல்லுக்கே அது இன்னும் நெருக்கம். பழைய வேதாகமமும் எபேசியர் 1:7இல் ‘பாவமன்னிப்பாகிய மீட்பு’ என்று அந்தச் சொல்லுக்குத்தான் இதை வைத்திருக்கிறது. ‘வீடுபேறு’ பிறவிச் சுழலிலிருந்து விடுபடுவதைக் குறிப்பது. கிறிஸ்தவப் பொருளுக்கு ஒட்டாது.

என் தேர்வு ‘உய்வு’. பிழைத்தல், தப்புதல், ஈடேறுதல் ஆகிய மூன்றும் உய்தலில் அடங்கும். சோத்தேரியாவின் அகலம் ஏறக்குறைய முழுவதும் கிடைத்துவிடுகிறது. “எந்நன்றி கொன்றார்க்கும் உய்வுண்டாம்” என்று குறள் பாவத்திலிருந்து தப்பும் வழியையே இச்சொல்லால் குறிக்கிறது. ஆனால் இரண்டு சபைகளின் நாவிலும் அது ஏறவில்லை. எனவே சீர்திருத்தச் சபையினருக்கு எழுதும்போது இரட்சிப்பு, கத்தோலிக்கருக்கு மீட்பு, இருவருக்கும் பொதுவாக விளக்கும்போது ‘உய்வு’ என்பதை ஒருமுறை சொல்லிவிட்டு அவர்கள் சொல்லுக்குத் திரும்புவது என்பதே நடைமுறைக்கு ஒத்துவருகிறது.