காற்று நின்றால் உங்கள் வால்வு எங்கே நிற்கும்?

மறுபடியும் அதே கதை. கம்ப்ரசர் நின்றுவிட்டது, நீராவி லைனில் உள்ள வால்வு மூடவில்லை, கலனில் வெப்பநிலை ஏறிக்கொண்டே போயிருக்கிறது. வால்வின் மேலே பொருத்தியிருந்தது டபுள் ஆக்டிங் ஆக்சுவேட்டர், அதாவது திறக்கவும் மூடவும் கம்ப்ரசர் காற்றையே நம்பி வால்வைத் திருப்பும் கருவி. கேட்டால், "கரண்ட்டை நிறுத்திச் சோதித்தோமே சார், சரியாக மூடியதே!" என்கிறார்கள்.

கரண்ட்டை நிறுத்தினால் மூடத்தான் செய்யும். ஆக்சுவேட்டரின் எந்தப் பக்கம் காற்று போக வேண்டும் என்பதை மின்சாரத்தால் மாற்றும் சின்ன வால்வு, அதாவது ஒற்றை மின்சுருள் (காயில்) கொண்ட 5/2 சோலினாய்டு (ஐந்து துளை, இரண்டு நிலை), தன் ஸ்பிரிங்கால் திரும்பி, காற்றை மூடும் பக்கம் அனுப்பிவிடும். அங்கே வால்வை மூடியது காற்று. அந்தக் காற்றே இல்லாதபோது மூட எதுவும் இல்லை. சோலினாய்டுக்குள் இருக்கும் சின்ன ஸ்பிரிங் வால்வைத் திருப்பாது. தயவுசெய்து காற்று லைனை அடைத்து, உள்ளே இருப்பதை வெளியேற்றிச் சோதியுங்கள்.

"காற்று போனால் இருந்த இடத்திலேயே நிற்கும்" என்பதையும் நம்பாதீர்கள். குழாய்க்குள் ஒரு தட்டு திரும்பி அடைக்கும் பட்டர்ஃபிளை வால்வில், உள்ளே ஓடுவதன் வேகமே அந்தத் தட்டைத் திருப்பப் பார்க்கும்.

எனவே காற்று போனாலும் தானாக மூட வேண்டிய எரிபொருள், நீராவி லைன்களுக்கும், திறந்தே ஆக வேண்டிய குளிர்நீர் லைனுக்கும் ஸ்பிரிங் வைத்த சிங்கிள் ஆக்டிங் ஆக்சுவேட்டர் (ஒரு பக்கம் காற்றும், மறுபக்கம் ஸ்பிரிங்கும் திருப்புவது) போடுங்கள். எந்த நிலையில் நின்றாலும் ஆபத்தில்லாத இடங்களுக்கு டபுள் ஆக்டிங் போதும். அளவும் சிறியது, விலையும் குறைவு. மிகப் பெரிய வால்வுக்கு ஸ்பிரிங் கட்டுப்படியாகாவிட்டால், டபுள் ஆக்டிங்குக்குத் தனிக் காற்றுத் தொட்டியும், அந்தக் காற்றைத் திரும்பிப் போக விடாத செக் வால்வும் வைத்து, காற்றழுத்தம் விழுந்ததும் தானே மாறி அந்தத் தொட்டிக் காற்றை ஆக்சுவேட்டருக்கு அனுப்பும் டிரிப் வால்வும் சேர்த்தே போட வேண்டும்.

சிங்கிள் ஆக்டிங் வாங்கிவிட்டால் வேலை முடியவில்லை. ஸ்பிரிங் விரிய விரிய அதன் டார்க் (திருப்பு விசை) குறையும். பால் வால்வோ (துளையிட்ட உருண்டை திரும்பும் வால்வு) பட்டர்ஃபிளையோ, இருக்கையில் அமரும் கடைசிக் கட்டத்தில்தான் மூட அதிக டார்க் கேட்கும். ஆகவே தயாரிப்பாளர் அட்டவணையில் ஸ்பிரிங் முடிவு டார்க்கை, அதாவது ஸ்பிரிங் விரிந்து முடியும் இடத்தில் மிஞ்சும் டார்க்கைப் பாருங்கள். ஸ்பிரிங்கை எதிர்த்துத் திருப்ப வேண்டிய காற்றழுத்தத்தைக் கம்ப்ரசர் மீட்டரில் படிக்காமல் வால்வு அருகில் அளந்து, கிடைக்கும் குறைந்தபட்ச அளவை எடுங்கள். கம்ப்ரசரில் 6 பார் இருக்கும்போது வால்வு அருகில் 4 பார்தான் இருக்கலாம்.

இன்னொன்று, ஸ்பிரிங் பக்கத்து மூடியை நினைத்தபடி கழற்றாதீர்கள். காற்றை வெளியேற்றிய பிறகும் ஸ்பிரிங் அழுத்தத்தில்தான் இருக்கும். தயாரிப்பாளர் கையேட்டைப் பார்த்து, எல்லா போல்ட்டையும் கொஞ்சம் கொஞ்சமாக, மாற்றி மாற்றித் தளர்த்துங்கள். பழக்கமில்லாதவர் கையில் ஸ்பேனரைக் கொடுக்கவே வேண்டாம்.