அலமாரியில் பூட்டி வைத்த பென் டிரைவ்

“தம்பி, இதை நான் யாரையும் தொடவே விட்டதில்லை. 8 வருடமாக அலமாரியில் பூட்டி வைத்திருந்தேன். அப்புறம் எப்படிப் படங்கள் போகும்?”

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் என் கடைக்கு வந்த ஓர் அம்மா கேட்டது இது. காலமான கணவருடன் நடந்த அறுபதாம் கல்யாணத்தின் படங்கள் அந்தப் பென் டிரைவில் மட்டுமே இருந்தன. கணினியில் செருகினால் கோப்புகளின் பெயர்கள் வருகின்றன. திறந்தால் பாதிப் படங்கள் சாம்பல் பட்டையாக நிற்கின்றன. தரவு மீட்புத் தொழிலில் இருக்கும் என்னிடம் இதே கேள்வியை எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். தொடாமல் வைத்தால் பத்திரமாக இருக்கும் என்ற நம்பிக்கை தங்க நகைக்குச் சரி. மின்னணு நினைவகத்துக்கு அது பொருந்தாது.

அந்த அம்மாவுக்கு விளக்குவது எளிதாக இருந்தது. பினாங்குப் பாலம் வராத காலத்தில், ஃபெரியில் கடல் தாண்டி பாயான் லெப்பாஸ் ஆலைக்குப் போய், நுண்ணோக்கியில் கண்ணை வைத்துச் சில்லுகளில் தங்கக் கம்பி இணைத்தவர் அவர். சில்லைத் தெரியும், அதற்குள் தகவல் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதை மட்டும் யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

முதலில், கணினி ஓடும்போது மட்டும் தகவலை வைத்திருக்கும் ரேம் நினைவகத்தைப் பார்ப்போம். அதில் ஒவ்வொரு பிட்டுக்கும், அதாவது 0 அல்லது 1 என்ற ஒவ்வொரு தகவல் துணுக்குக்கும், ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு சின்னஞ்சிறு மின்தேக்கியும் உண்டு. ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டு 1968இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. மின்தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. ஆனால் அது ஓட்டைக் குடம். நிரப்பிய கணமே கசியத் தொடங்கும். அதனால் வழக்கமாக 64 மில்லிவினாடிக்குள் எல்லா வரிசைகளையும் ஒருமுறை படித்து மறுபடி நிரப்பியாக வேண்டும். கணினி ஓடும் நேரமெல்லாம் இந்த வேலை ஓயாமல் நடக்கிறது. மின்சாரம் போனால் குடம் வற்றிவிடும். செயலிக்குள் இருக்கும் கேஷ் நினைவகம் வேறு வகை. அங்கே ஒரு பிட்டுக்கு 6 டிரான்சிஸ்டர்கள், ஒன்றையொன்று தாங்கிப் பிடித்து நிலையைக் காக்கின்றன. மறுபடி நிரப்பத் தேவையில்லை, வேகமும் அதிகம். ஆனால் நிறைய இடம் பிடிக்கும், விலையும் கூடுதல். மின்சாரம் நின்றால் அதுவும் மறந்துவிடும்.

பென் டிரைவ், எஸ்எஸ்டி (வன்தட்டுக்குப் பதிலாகக் கணினியில் வரும் சில்லுச் சேமிப்பகம்), கைப்பேசி ஆகியவற்றில் இருப்பது ஃபிளாஷ் நினைவகம். 1980களில் தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா உருவாக்கியது. இங்கே எலக்ட்ரான்களை மின்கடத்தாத மெல்லிய சுவர்களுக்கு நடுவே அடைத்து வைக்கிறோம். மின்சாரம் இல்லாவிட்டாலும் அவை வெளியே வராமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். ஆண்டுக்கணக்கில்தான்; என்றென்றைக்கும் அன்று. எழுதும்போதும் அழிக்கும்போதும் அந்தச் சுவர் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுதாகிறது. தேய்ந்த சுவர் வழியே எலக்ட்ரான்கள் ஒவ்வொன்றாகக் கசிகின்றன. வெப்பம் அதை விரைவுபடுத்துகிறது.

எலக்ட்ரான்களை அடைத்து வைக்கும் ஒவ்வொரு சிற்றறையையும் செல் என்பார்கள். பழைய ஃபிளாஷில் ஒரு செல்லுக்கு ஒரு பிட். செல்லை ஒரு படி என்று வைத்துக்கொண்டால், அரைப்படிக்கு மேல் இருக்கிறதா, கீழா என்று பார்த்தால் போதும். கொஞ்சம் சிந்தினாலும் கணக்குத் தப்பாது. இப்போது ஒரே செல்லில் 3 பிட், 4 பிட் திணிக்கிறார்கள். 4 பிட்டுக்கு 16 அளவுகளைப் பிரித்தறிய வேண்டும். அதே படியில் 16 கோடு கிழித்து அளப்பது போன்றது அது. கொஞ்சம் வற்றினாலே கோடு மாறிவிடும். ஓரளவு பிழையைத் திருத்தும் கணக்கு உள்ளேயே உண்டு. அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. மலிவு விலைப் பென் டிரைவுகளில் தரம் குறைந்த சில்லுகள் போய்ச் சேர்வதும் உண்டு.

தர அமைப்பான ஜெடெக், வீட்டுக் கணினிகளுக்கான எஸ்எஸ்டி தன் எழுதும் ஆயுள் முழுவதும் தீர்ந்த பிறகு, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் 1 ஆண்டு தகவலைக் காக்க வேண்டும் என்கிறது. புதிய எஸ்எஸ்டி அதைவிட மிக நீண்ட காலம் தாங்கும். ஆனால் பினாங்கில் பகல் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டுவது அன்றாடம். வெயிலில் நிறுத்திய காருக்குள் என்ன சூடு இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கார்ச் சாவியோடு பென் டிரைவைக் கோத்து வைத்திருப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதறுகிறது.

அவ்வப்போது செருகிப் பார்த்தால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். அதை நம்பாதீர்கள். பழைய மின்னூட்டம் தானாகப் புதுப்பிக்கப்படும் என்ற உறுதி சாதாரணப் பென் டிரைவில் இல்லை. கோப்புகளை வேறிடத்துக்கு நகலெடுத்து, அவை திறக்கின்றனவா என்று பார்த்து, மறுபடி எழுதினால்தான் செல்களில் புதிய மின்னூட்டம் ஏறும். எது எப்படியோ, ஒரே பிரதியை ஃபிளாஷில் மட்டும் வைக்காதீர்கள். ஒன்றை வன்தட்டில் வையுங்கள். அது காந்தத்தில் எழுதுவது, அதன் பலவீனங்கள் வேறு. இன்னொன்று வீட்டுக்கு வெளியே, உறவினரிடமோ இணையச் சேமிப்பிலோ இருக்கட்டும். கோப்பு திறக்கவில்லை என்றால் அந்த டிரைவை ஃபார்மட் செய்யாதீர்கள், அதில் எதையும் எழுதவும் வேண்டாம்.

அந்த அம்மாவின் பென் டிரைவை, படிக்கும் மின்னழுத்த அளவை மாற்றி மாற்றித் திரும்பத் திரும்பப் படித்ததில் பாதிக்கும் மேற்பட்ட படங்கள் முழுதாக வந்தன. மாலை மாற்றும் படம் வரவில்லை. அந்த அம்மா வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு கிடைத்தவற்றை இரண்டு வன்தட்டுகளில் போடச் சொல்லி, ஒன்றைச் சுங்கைப் பட்டாணியில் இருக்கும் மகளிடம் கொடுத்துவிட்டார். ஆண்டுதோறும் தைப்பூசத்துக்கு மகள் வரும்போது அந்த வன்தட்டையும் கொண்டு வருகிறார். இருவரும் உட்கார்ந்து படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிறார்கள்.